பின் வளவில் கொங்கிறீட் முற்றம்: கோடுகளை முதலில் வரையுங்கள்

மட்டக்களப்பில் வீட்டுப் படம் வரைந்து கொடுப்பது என் தொழில். வீடு கட்டி முடிந்து, பெயின்றும் அடித்த பிறகு பலர் திரும்ப வந்து கேட்பது ஒன்றுதான்: பின் வளவில் பின்னேரம் கதிரையைப் போட்டு இருந்து கதைக்க வடிவாக ஓரிடம் வேண்டும். போனில் நாலைந்து படங்கள் வைத்திருப்பார்கள். கல் பதித்த மாதிரி அச்சு அடித்த தரை, மரப்பலகை மாதிரி நிறம் ஏற்றிய தரை, கண்ணாடி போல மினுங்கும் தரை. எல்லாம் வேறு நாட்டு மண்ணில், வேறு நாட்டு வெயிலில் போட்டவை. நமது மணலுக்கும் மாரிக்கும் கச்சான் காற்றுக்கும் தாங்குகிற ஒரு முற்றத்தை எப்படித் திட்டமிடுவது என்று இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு விசயம். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. கொங்கிறீட் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். எவ்வளவு கெட்டிக்கார மேசனாலும் எந்தச் சீமெந்தாலும் இதை முழுதாகத் தடுக்க ஏலாது. ஆனால் வெடிப்பு எந்த இடத்தில் வர வேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம். ஓரிடத்தில் ஆழமாக ஒரு கோடு கீறி விட்டால் அந்த இடம் பலவீனமாகி, வெடிப்பு அந்தக் கோட்டின் அடியிலேயே விழுந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால் இந்தக் கோடுகளை எப்படி அழகாகப் பிரிப்பது என்பதுதான் முற்றத்தின் வடிவமைப்பு. நிறமும் பூவேலையும் அதற்குப் பிறகு. கோட்டைப் பற்றி யோசிக்காமல் நிறத்தைப் பற்றி மட்டும் யோசித்த முற்றங்களில், இரண்டாம் மாரி வருவதற்குள் குறுக்காக ஒரு வெடிப்பு ஓடியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். விலை கூடிய நிறம்தான், ஆனாலும் பார்ப்பவர் கண் அந்த வெடிப்பிலேயே போய் நிற்கும்.

எந்த இடம், எவ்வளவு பெரிது

ஒரு தேங்காய்க் கயிறை எடுத்துப் பின் வளவில் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வளைத்துப் போடுங்கள். வீட்டுக் கதிரை மேசையைக் கொண்டுபோய் அதற்குள் வையுங்கள். ஒரு கிழமை பின்னேரத்தில் அங்கேயே இருந்து தேத்தண்ணீர் குடியுங்கள். படத்தில் பார்க்காத பல விசயங்கள் அப்போது தெரியவரும்: வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து புழுதியைக் கொண்டுவருகிறது, குசினிக் கதவிலிருந்து தட்டோடு வருகிறவர் எந்த வழியாக நடக்கிறார்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற நமது ஊர்களில் வீட்டின் கிழக்குப் பக்கத்துக்குப் பின்னேரம் வீட்டு நிழலே விழும். கடற்காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் வரும். பின் வளவு கிழக்கே இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், கூரை எதுவும் தேவைப்படாது. மேற்கே இருந்தால் மூன்று மணி வெயிலும் வைகாசி தொடக்கம் ஆவணி வரை அடிக்கிற கச்சானும் நேரே முகத்தில் வந்து அடிக்கும். அப்படியானால் முற்றத்தை மரநிழலுக்குத் தள்ளி வையுங்கள், அல்லது மேற்கு ஓரத்தில் ஒரு பந்தல்கொடிக்கு இடம் விட்டு வரையுங்கள். நிரந்தரமாகக் கூரை போடும் எண்ணம் இருந்தால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

மரநிழல் என்றேன், ஆனால் எல்லா மரமும் ஒன்றல்ல. தென்னையின் வேர் நார் வேர், அது தரையைத் தூக்காது. ஆனால் தேங்காயும் மட்டையும் விழும் இடத்தில் பிள்ளைகளை இருத்தக் கூடாது. வேம்பும் மாவும் பலாவும் மொத்த வேர் விடுகிற மரங்கள். அவற்றின் அடியிலிருந்து பத்தடியாவது தள்ளியே கொங்கிறீட் தொடங்க வேண்டும். வேர் தடுக்கிறது என்று வெட்டி எறிந்துவிட்டு மரத்தை அப்படியே நிறுத்தி வைப்பதும் ஆபத்து. 1978 சூறாவளியைக் கண்டவர்களிடம் கேட்டால் வேர் போன மரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு. ஆறு பேர் இருக்கிற மேசை சுமார் மூன்றடிக்கு ஐந்தடி. கதிரையைப் பின்னுக்கு இழுத்து எழும்ப ஒவ்வொரு பக்கமும் மூன்றடி வேண்டும். ஆக மேசைக்கு மட்டும் ஒன்பதடிக்குப் பதினோரடி. நடந்துபோக வழியும் சேர்த்து 12 அடிக்கு 16 அடி எடுத்தால் நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்குத் தாராளம். இந்த அளவையே நான் கீழே உதாரணமாக எடுக்கிறேன், ஏனென்றால் இது நாலடிச் சதுரங்களாக மிச்சமில்லாமல் பிரியும்: அகலத்தில் மூன்று, நீளத்தில் நாலு, எல்லாமாகப் பன்னிரண்டு சதுரம்.

வளவு முழுவதையும் மூடித் தாருங்கள், புல்லுப் பிடுங்க ஏலாது என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்த அலுப்பு எனக்கும் விளங்குகிறது. இருந்தும் நான் மறுத்துச் சொல்வேன். வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமாக உள்ள எழுவான்கரையில் நமது கிணறுகளில் இருப்பது மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர். கீழே உப்புத்தண்ணீர், அதற்கு மேலே மெல்லிய படையாக இந்த நல்ல தண்ணீர். மழை இறங்க மண் இல்லாமல் எல்லா வளவும் கொங்கிறீட் ஆனால் அந்தப் படை மெலிந்து, கிணறு உவர்க்கத் தொடங்கும். 2011 தை மாத வெள்ளத்தில் எந்த வளவில் தண்ணீர் தேங்கியது, எந்த வளவில் வடிந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். இருக்கத் தேவையான அளவுக்கு மட்டும் போடுங்கள். மீதி மண்ணாக, மரமாக இருக்கட்டும்.

வரையும்போதே சேர்க்க வேண்டிய சில சின்ன விசயங்கள் இருக்கின்றன. இவை பிறகு நினைத்தால் உடைக்காமல் செய்ய முடியாதவை.

பன்னிரண்டு சதுரத்தில் ஒன்றைக் கொங்கிறீட் போடாமல் மணலாகவே விடுங்கள். தைப்பொங்கலுக்கு அடுப்பு மூட்டவும், கலியாண வீடென்றால் பெரிய சட்டி ஏற்றவும் அந்த இடம். கொங்கிறீட்டின் மேலேயே நெருப்பு மூட்டினால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி மேற்பரப்பு செதில் செதிலாகத் தெறிக்கும், பக்கத்தில் இருப்பவர் கண்ணிலும் படலாம். ஒரு வீட்டில் நான் இதை வரைந்து காட்டியபோது, "அதெதுக்கு மகள், நடுவில ஒரு ஓட்டை?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். பொங்கலுக்கு என்றதும் அந்தச் சதுரம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று அவரே காட்டித் தந்தார். திறந்த இடத்தை ஒரு முழுச் சதுரமாக விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொங்கிறீட்டின் உள்மூலைகளில்தான் வெடிப்பு பிறக்கும். அந்த மூலை ஏற்கெனவே கோட்டில் இருந்தால் வெடிப்பு கோட்டோடு போய்விடும்.

அடுத்தது பந்தல் கால். நமது வீடுகளில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முற்றத்தில் பந்தல் போடுவோம். நாலு மூலைக்கும் சற்று உள்ளே, கோடுகள் சந்திக்கிற இடத்தில், இரண்டங்குல இரும்புக் குழாய் ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்கி, வாயை மூடி வைத்துவிடுங்கள். வேண்டும்போது மூடியைத் திறந்து காலை நட்டால் சரி. அதோடு தரைக்குக் கீழே ஒரு பி.வி.சி. குழாயை வெறுமையாகக் குறுக்கே போட்டு வையுங்கள். நாளைக்கு லைற்றுக்கு வயர் இழுக்கவோ பூக்கண்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகவோ அது உதவும். மலசலகூடக் குழியின் மூடி முற்றத்துக்குள் வரவே கூடாது.

கூரைத் தாழ்வாரத்துத் தண்ணீர் விழுகிற கோட்டையும் பாருங்கள். பீலி இல்லாத வீட்டில் மாரி முழுவதும் ஒரே கோட்டில் தண்ணீர் குத்திக் குத்தி நிறத்தை அரித்துவிடும், பாசியும் அங்கேதான் முதலில் பிடிக்கும். அந்தக் கோட்டில் சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்துக்குக் கூழாங்கல் நிரப்பி, அதற்கு அப்பால் கொங்கிறீட்டைத் தொடங்குங்கள். சுவரும் காய்ந்திருக்கும், பார்க்கவும் வடிவு.

மண்ணைப் பொறுத்து அடித்தளம்

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கடலோரம் முழுக்க மணல். மணல் நல்ல அடித்தளம்தான், தண்ணீர் தேங்காது, ஊதாது. அதன் ஒரே பலவீனம் ஓரங்களில் நழுவுவது. மாரி மழை ஓரத்து மணலை அரித்துக்கொண்டு போனால் கொங்கிறீட்டின் கரை அந்தரத்தில் நிற்கும், பிறகு ஒரு ஆள் மிதித்தாலே உடையும். எலி வளை தோண்டினாலும் இதே கதை. ஆகவே மணல் பக்கத்து வளவில் முற்றத்தின் வெளிக்கரை மூன்றையும் எட்டங்குல ஆழத்துக்கு, ஆறங்குல அகலத்தில் இறக்கி வார்க்கச் சொல்லுங்கள். நடுவில் நாலங்குலத் தடிப்புப் போதும். மேல்மண்ணையும் புல்வேரையும் ஆறங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, மணலைத் தண்ணீர் ஊற்றி நன்றாக நனைத்து, தட்டு மெசினை வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று தரம் ஓட்டுங்கள். காய்ந்த மணல் எவ்வளவு இடித்தாலும் இறுகாது. மெசின் கிடைக்காவிட்டால் இடிகட்டையால் பொறுமையாக இடிக்கலாம். குதிக்கால் அழுத்தினால் பதியாத அளவுக்கு வர வேண்டும்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும், அம்பாறைப் பக்கம் சம்மாந்துறை போன்ற வயல் சார்ந்த இடங்களிலும் பல வளவுகள் களிமண். களி மாரியில் ஊதும், கோடையில் பிளக்கும். அதன் மேல் நேரே வார்த்த கொங்கிறீட் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். அங்கே ஒரு அடி ஆழத்துக்குக் களியை எடுத்துவிட்டு, கிறவல் கொட்டி, நாலங்குலப் படை படையாக நனைத்து இறுக்க வேண்டும். அந்த மண்ணுக்குக் கம்பி வலையும் போடுங்கள், அது கொங்கிறீட்டின் நடுவில் நிற்கும்படி சின்னக் கொங்கிறீட் கட்டிகளின் மேல் வைத்து. நிலத்தில் கிடக்கிற கம்பியால் ஒரு பிரயோசனமும் இல்லை.

மணல் வளவில், நாலடிச் சதுரமாகக் கோடு பிரித்து, ஆட்கள் மட்டும் நடக்கிற முற்றத்துக்குக் கம்பி தேவையில்லை என்பது என் கருத்து. கம்பிக்குப் போகும் காசை அடித்தளத்துக்குக் கொடுங்கள். கடலோர உப்புக்காற்றில், மெல்லிய கொங்கிறீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து ஊதி, மேற்பரப்பைத் தூக்கிவிடும். ஓட்டோவோ உழவு மெசினோ ஏறும் என்றால் கதை வேறு. அப்போது தடிப்பு ஆறங்குலம், கம்பியும் வேண்டும்.

சரிவு அடிக்குக் கால் அங்குலம். 12 அடிக்கு மூன்று அங்குலம், வீட்டிலிருந்து வெளியே. அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு வேலிக்கோ உங்கள் கிணற்றடிக்கோ போகாமல் வாழையடிக்குப் போகும்படி திசையைத் தீர்மானியுங்கள். முற்றத்தின் உயர்ந்த கரை வீட்டு நிலத்திலிருந்து ஆறங்குலமாவது கீழே இருக்கட்டும். சதுரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறு பக்கம் 8 அடி அளந்து, குறுக்கே 10 அடி வருகிறதா என்று பாருங்கள். கொங்கிறீட் ஏதாவது தூணையோ படியையோ தொட்டால் இடையில் அரை அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைத் தட்டு) வைத்துப் பிரித்துவிட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கக் கூடாது.

தரை எப்படித் தோன்ற வேண்டும்

இப்போது பன்னிரண்டு நாலடிச் சதுரங்கள் இருக்கின்றன, ஒன்று மணல். இதில் நான் அதிகம் விரும்பி வரைவது காசே செலவில்லாத ஒன்று: தும்புத்தடி வரி. கொங்கிறீட் இறுகி வரும் நேரத்தில் தும்புத்தடியை மெதுவாக இழுத்தால் நெருக்கமான மெல்லிய வரிகள் விழும். ஒரு சதுரத்தில் வரிகளை வடக்குத் தெற்காக இழுங்கள், அடுத்த சதுரத்தில் கிழக்கு மேற்காக. இப்படி மாறி மாறி இழுத்தால் முழு முற்றமும் பன்பாய் விரித்த மாதிரி இருக்கும். வெயில் சாயச் சாய ஒரு சதுரம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் தெரியும், காலையில் அது மாறும். நிறமே இல்லாமல் இரண்டு நிறம். கால் வழுக்காது, வயது போன அம்மா அப்பா நடக்கிற வீட்டுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. இன்னும் நுணுக்கமான வரி வேண்டுமென்றால் ஈர்க்குமாற்றால் இழுக்கலாம். ஒவ்வொரு சதுரத்தையும் சுற்றி இரண்டங்குலம் வரியில்லாமல் மழுமழுவென்று விட்டால் கோடு இன்னும் எடுப்பாக இருக்கும்.

நிறம் வேண்டுமென்றால் ஒரே ஒரு நிறம், சில சதுரங்களுக்கு மட்டும். மருதமுனைச் சாரத்தின் கட்டங்களைப் பாருங்கள். பெரிய பரப்பு ஒரு அமைதியான நிறத்தில் இருக்கும், மற்ற நிறம் கோடாக ஓடும். தரைக்கும் அதே முறை நல்லது. இரும்பு ஒக்சைட்டில் வருகிற சிவப்பு, மஞ்சள், கபிலம், கறுப்பு இவை வெயிலுக்கு மங்காதவை. மலிவான நீலம் மங்கிவிடும். கறுப்பும் கடும் சிவப்பும் நம் வெயிலில் மத்தியானம் வெறுங்காலை வைக்கவிடாது. இளமஞ்சளும் வெளிறிய சாம்பலும் பாதுகாப்பு. பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரை மேல் எனக்கும் ஆசை உண்டு, ஆனால் அது வீட்டுக்குள்ளே. மெழுகு போட்டு மினுக்கிய தரை மழையில் நனைந்தால் ஆளை விழுத்திவிடும்.

ஒக்சைட் அளவு சீமெந்தின் நிறையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம், அதாவது 50 கிலோ மூடைக்கு இரண்டரைக் கிலோ. கூடப் போட்டால் நிறம் கூடாது, பலம்தான் குறையும். முழுத் தடிப்புக்கும் கலக்கத் தேவையில்லை. நிறச் சதுரத்தில் கொங்கிறீட்டை அரை அங்குலம் குறைத்து நிரப்பி, அது இறுகுவதற்குள், அன்று காலையிலேயே, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்த நிறச் சாந்தை மேலே போட்டுத் தேய்த்துவிடலாம். அடுத்த நாள் போட்டால் பிறகு தட்டாகக் கழன்று வரும். ஒக்சைட்டையும் சீமெந்தையும் காய்ந்த நிலையிலேயே, வேலைக்குத் தேவையான முழுவதையும் ஒரே தரத்தில் கலந்து சல்லடையில் அரித்து வையுங்கள். கலவைக்குக் கலவை அள்ளிப் போட்டால் ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொரு நிறமாக வரும்.

கல் தெரிகிற கரை இன்னொரு அழகு. வெளிக்கரைச் சதுரங்களின் ஓரத்தில் ஒரு அடி அகலத்துக்கு, கழுவிய ஆற்றுக் கூழாங்கல்லை ஈரக் கொங்கிறீட்டில் நெருக்கமாகத் தூவி, பலகையால் தட்டி முக்கால்வாசி அமிழ்த்த வேண்டும். பிறகு சீனிப்பாகைத் தண்ணீராகக் கரைத்து மேலே மெல்லிதாகத் தெளித்து, பொலித்தீனால் மூடிவிடுங்கள். சீனி சீமெந்தை இறுகவிடாது. மறுநாள் காலையில் மேற்பரப்பை மட்டும் தும்புத் தூரிகையாலும் தண்ணீராலும் கழுவினால் கல் முகம் காட்டும், அடியில் கொங்கிறீட் இறுகியிருக்கும். கல்லைக் கடற்கரையில் பொறுக்காதீர்கள். உப்பு ஒரு காரணம். கரையோரத்தில் மணலும் கல்லும் எடுப்பதை 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பது மற்றது.

பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு சதுரத்தை இலைக்கு ஒதுக்குங்கள். ஈரப்பலா இலையும் தேக்கு இலையும் நரம்பு புடைத்தவை. நரம்புப் பக்கம் கீழே இருக்க வைத்து, கரண்டியால் அழுத்தி, மறுநாள் உரித்தெடுத்தால் ஒவ்வொரு நரம்பும் பதிந்திருக்கும். பதிவு கால் அங்குலத்தைவிட ஆழமாகப் போகக் கூடாது, தண்ணீர் நிற்கும்.

பெரிய இரப்பர் அச்சுகளால் கல் போலக் குத்துகிற வேலையை நான் இங்கே சிபாரிசு செய்வதில்லை. அதற்குக் கொங்கிறீட் ஒரு குறிப்பிட்ட பதத்தில் வெகுநேரம் நிற்க வேண்டும். கச்சான் அடிக்கிற நாளில் ஒரு மூலையில் குத்திக்கொண்டிருக்கும்போதே மறு மூலை காய்ந்துவிடும். குத்திய பள்ளங்களில் மாரித் தண்ணீர் தங்கிப் பாசி பிடிக்கும். மேலே அடிக்கிற மினுக்கத்தையும் சில வருசத்துக்கு ஒரு தரம் திரும்ப அடிக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டடிச் சதுரத்தில் ஒரு மாதிரி வார்த்துப் பாருங்கள், அதே சீமெந்து, அதே மணல், அதே ஒக்சைட். ஒரு கிழமை காய்ந்த பிறகுதான் உண்மையான நிறம் தெரியும். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

பொருட்கள்

சொன்ன அளவில் பதினொரு சதுரமும் கனத்த கரையும் சேர்த்து, ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவையில், சேதாரத்தோடு 13 மூடை சீமெந்து, 33 கன அடி மணல், 65 கன அடி முக்கால் அங்குலச் சல்லி போதும். நம் ஊரில் ஒரு கியூப் என்பது 100 கன அடி, எனவே மணல் கியூபில் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு, சல்லி அரைக் கியூபுக்குக் கொஞ்சம் மேல். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலத்தில் ஒரு பெட்டி அடித்துக்கொள்ளுங்கள். அது ஒரு மூடைச் சீமெந்தின் கொள்ளளவு. மூடைக்கு இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி சல்லி. தாச்சிக் கணக்கில் அள்ளினால் பத்தாவது கலவையில் அளவு மாறியிருக்கும்.

மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, சிறிது உப்புக் கரைத்த தண்ணீர் நிரப்பிக் குலுக்கி மூன்று மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மேலே படிகிற சேற்றுப் படை மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் இருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள், அல்லது கழுவுங்கள். தண்ணீரும் அப்படித்தான். கடலுக்குக் கிட்டிய உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கலந்தால் தரையில் வெள்ளையாக உப்புப் பூக்கும், நிறத் தரையில் அது இன்னும் அசிங்கமாகத் தெரியும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் இருந்தால் அதைப் பாவியுங்கள். மூடைக்கு 25 லீற்றருக்கு மேல் வேண்டாம், மணல் ஈரமென்றால் அதற்கும் குறைவு. வேலையாட்கள் இலகுவாகப் பரவட்டும் என்று இன்னும் ஒரு வாளி ஊற்றப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே நின்று மறியுங்கள். அந்த ஒரு வாளிதான் பிறகு தூளாக உதிர்கிற தரையும் வெடிப்பும்.

மூடையில் இலங்கைத் தர இலக்கமாக எஸ்.எல்.எஸ். 107 என்று இருந்தால் சாதாரண போட்லண்ட் சீமெந்து, 1247 என்றால் கலப்புச் சீமெந்து. இரண்டும் நல்லவை. கலப்பு மெதுவாக இறுகும், அதனால் நனைக்கிற நாள் கூட வேண்டும்.

வார்க்கும் நாள்

நல்ல காலம் மாசி, பங்குனி. மாரி ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது. வேறு வழியில்லாமல் கச்சானில் போட வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கே கலவை விழ வேண்டும், காற்று வரும் பக்கம் கிடுகு கட்டி மறைக்க வேண்டும்.

முதல் நாள் பின்னேரம் அடிமண்ணை நன்றாக நனைத்து வையுங்கள், காலையில் குளமாக இல்லாமல் ஈரமாக இருக்கும். அச்சுப்பலகையை நூல் கட்டிச் சரிவோடு அடித்து, சதுரக் கோடுகள் வருகிற இடங்களைப் பலகையில் ஆணியால் குறித்துவிடுங்கள். கொங்கிறீட்டைப் பரவி, மட்டப்பலகையால் இழுத்து, மரத் தேய்ப்பால் ஒரு தரம் தேய்த்தவுடன் மேலே தண்ணீர் மினுங்கும். அந்த மினுக்கம் தானாகப் போகும் வரை யாரும் கை வைக்கக் கூடாது. தண்ணீரை இழுக்க என்று மேலே சீமெந்துத் தூளைத் தூவுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதைச் செய்தால் மேல் தோல் தனியாகி, பிறகு பொருக்காக உரியும். மினுக்கம் போய், மிதித்தால் கால் அங்குலத்துக்கு மேல் பதியாத பதம் வந்ததும் தேய்ப்பு, வரி, இலை, கல் எல்லாம்.

எல்லாச் சதுரத்தையும் ஒரே நாளில் ஒரே தரையாக வார்த்து, பிறகு கோடு கீறுவதே நல்லது. தனித்தனியாக வார்த்தால் மணலில் ஒன்று தாழும், ஒன்று நிற்கும், காலில் தடக்கும். ஒரே வார்ப்பென்றால் கோட்டுக்குக் கீழே சல்லிகள் ஒன்றோடொன்று கோர்த்து நின்று மட்டத்தைக் காக்கும். கோடு தடிப்பில் நாலில் ஒரு பங்கு, அதாவது ஒரு அங்குல ஆழம் இருக்க வேண்டும். கோட்டுக் கரண்டியால் ஈரத்திலேயே இழுக்கலாம். கிறைண்டரால் வெட்டுவதானால் ஓரம் உதிராத அளவுக்கு இறுகியவுடன், நம் வெயிலுக்கு அன்று பின்னேரமே வெட்டுங்கள். நாளைக்கு என்று விட்டால் வெடிப்பு உங்களுக்கு முன்னே தன் கோட்டைப் போட்டுவிடும். வெட்டுகிறவர் வாய்க்கு முகமூடி கட்ட வேண்டும், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

நனைப்பதில்தான் அநேகமானோர் கை விட்டுவிடுகிறார்கள். ஏழு நாள், கலப்புச் சீமெந்தென்றால் பத்து நாள், ஒரு நிமிடமும் காயாமல் இருக்க வேண்டும். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் குழாயால் அடிப்பது நனைப்பதில் சேராது. மறுநாளிலிருந்து கழுவிய சாக்கை முழுவதுமாக விரித்து ஊற ஊற வைத்திருங்கள். நிறத் தரையில் சாயம் ஊறும் துணியும் வைக்கோலும் கறை விடும், பொலித்தீன் சுருங்கிய இடமெல்லாம் கோடாகப் பதியும். அதற்கு நன்றாகக் கழுவிய வெள்ளைத் துணி. முற்றம் வெறும் சாம்பல் நிறமென்றால் தென்னோலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாலும் போதும்.

ஆட்கள் நடக்க இரண்டு மூன்று நாள், கதிரை மேசைக்கு ஒரு கிழமை, பாரமான பூச்சாடிக்கு ஒரு மாதம்.

பூச்சு அடிக்க விரும்பினால் 28 நாள் கழித்து, நன்றாகக் காய்ந்த பிறகு, மினுங்காத வகையை மெல்லிதாக அடியுங்கள். வருசத்துக்கு ஒரு தரம், மாரி முடிந்து தையிலோ மாசியிலோ, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்துப் பாசியைக் கழுவுங்கள், கிணற்றுப் பக்கம் ஓடாமல். கோடுகளுக்குள் மண் நிறைந்து புல் முளைத்தால் பிடுங்கி, ஆற்று மணலை நிரப்பி விடலாம். ஓரத்து மணல் எங்காவது அரித்திருக்கிறதா என்று அப்போதே பார்த்து, அரித்த இடத்தில் சல்லி கொட்டி இறுக்குங்கள். எப்போதாவது ஒரு சதுரம் கெட்டுப்போனால் அந்தக் கோட்டோடு வெட்டி அதை மட்டும் எடுத்துவிட்டு வார்க்கலாம். அதற்காக மிஞ்சிய ஒக்சைட்டை ஒரு ரின்னில் அடைத்து, கலந்த அளவையும் எழுதி உள்ளே போட்டு வையுங்கள்.